அன்பு அறிவிப்பாளரும் பாட்டுக்குப் பாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த யாரிடமாவது பி.எச். அப்துல் ஹமீத் என்று சொல்லிப் பாருங்கள். பதில் வருவதற்கு முன்பே முகம் மலர்ந்துவிடும். நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். எங்கள் வீட்டில் அந்தக் குரல் ஒரு உறவுக்காரர் மாதிரி தினமும் வந்து போகும். என் பிள்ளைகளும் அவர்கள் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

யார் இந்த அப்துல் ஹமீத்?

கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழ் அறிவிப்பாளர். இலங்கை வானொலியில் நாடகக் கலைஞராக நுழைந்து, பிறகு அறிவிப்பாளராகி, நிகழ்ச்சிகளைத் தயாரித்தும் வழங்கியும் பெயர் பெற்றவர். "உங்கள் அன்பு அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத்" என்று அவர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் விதம் இரண்டு நாடுகளிலும் பழமொழி போலப் பரவியிருந்தது. வானொலியை அறியாத தலைமுறை அவரைத் தொலைக்காட்சியில், 'பாட்டுக்குப் பாட்டு' நடத்தியவராகத் தெரிந்துகொண்டது. ஆக, ஒரே வீட்டில் அப்பாவுக்கு அவர் ஒரு குரல், பிள்ளைக்கு அவர் ஒரு முகம்.

இலங்கை வானொலி எப்படித் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது?

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 அன்று தொடங்கியது. ஆசியாவிலேயே மிகப் பழைய நிலையங்களில் அது ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகள் தங்கள் வீரர்களுக்காகக் கொழும்பில் பலமான ஒலிபரப்பி ஒன்றை நிறுவின. போர் முடிந்ததும் அது இலங்கையின் கைக்கு வந்தது. அதனால் ஒரு சின்னத் தீவிடம் பாதி ஆசியாவுக்குக் கேட்கும்படியான கருவி இருந்தது. 1950-ல் வர்த்தக சேவை தொடங்கியது. விளம்பரம் வந்தது, விளம்பரத்தோடு சினிமாப் பாட்டும் வந்தது.

அதே நேரத்தில் இந்தப் பக்கம் என்ன நடந்தது? 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவை அடைத்தார். சாஸ்திரிய இசையைக் கேட்டு மக்கள் பழக வேண்டும் என்பது அவர் எண்ணம். மக்களோ ரேடியோவின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1957-ல் அகில இந்திய வானொலியின் பாட்டுச் சேவையான விவித் பாரதி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதற்குள் எங்கள் ஊர்ப் பக்கம் முள் கொழும்பிலேயே நின்று பழகிவிட்டது.

அந்த நிலையம் 1967-ல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியது. எங்களுக்கு அது கடைசி வரைக்கும் 'சிலோன் ரேடியோ'தான்.

கடல் தாண்டி அவ்வளவு தெளிவாக எப்படிக் கேட்டது?

கடல்தான் காரணம். மத்திய அலை (மீடியம் வேவ்) நிலத்தை ஒட்டியே பரவும். காய்ந்த மண்ணும் பாறையும் அதை உறிஞ்சிவிடும், உப்புத் தண்ணீர் அப்படி உறிஞ்சாது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் உள்ள ஊர்களில் சொந்த மாநில நிலையத்தைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்டதற்கு இதுதான் விஷயம். உள்ளே தள்ளியிருந்த மதுரை, கோவைக்காரர்கள் சிற்றலையில் (ஷார்ட் வேவ்) பிடித்தார்கள். 25 மீட்டர், 31 மீட்டர், 41 மீட்டர் என்று பட்டையைச் சொல்லித்தான் பேசிக்கொள்வார்கள். சிற்றலையில் குரல் அலை மாதிரி ஏறி இறங்கும். முக்கியமான வரி வரும்போது போய்விட்டு, வரி முடிந்ததும் திரும்பி வரும்.

எங்கள் வீட்டில் முதலில் இருந்தது வால்வு ரேடியோ. குமிழைத் திருகினால் உடனே பேசாது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சம் ஏறி, சூடாகி, அப்புறம்தான் தொண்டையைத் திறக்கும். வருஷா வருஷம் தபால் நிலையத்துக்குப் போய் லைசென்ஸ் கட்டணம் செலுத்தி, சின்னப் புத்தகத்தில் பதிந்து வர வேண்டும். அப்பா அந்தப் புத்தகத்தை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம். அறிவிப்பாளர் மணி சொன்னால் அம்மா சுவர்க் கடிகாரத்தைத் திருத்துவாள். 1996-ல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்து, 2006-ல்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருஷமும் கொழும்பு சொன்ன மணி எங்களுக்குப் பொருந்தவில்லை. பழைய நேயர்களுக்கு அது ஏதோ வீட்டுக்குள்ளேயே பாகப் பிரிவினை நடந்த மாதிரி இருந்தது.

அவர் குரலில் அப்படி என்ன இருந்தது?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல ஆசை.

கனமான குரல், இனிமையான குரல் என்றெல்லாம் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் நல்ல குரல் ஊருக்குப் பத்துப் பேரிடம் இருக்கும். ஹமீத் அவர்களிடம் இருந்தது உச்சரிப்பு. 'பாட்டுக்குப் பாட்டு' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று பாதிப் பேர் நடுவில் உள்ள 'ப்'பை விட்டுவிட்டு எழுதுகிறார்கள், சொல்லும்போதும் விழுங்குகிறார்கள். அவர் சொல்லும்போது அந்த 'ப்' கேட்கும். உதடு மூடித் திறக்கிற அந்தக் கண நேரம் காதில் விழும். 'வாழ்த்துகள்' என்றால் ழகரம் நாக்கு மடிந்து வரும். 'வெள்ளம்' என்றால் ளகரம், 'வெல்லம்' என்றால் லகரம். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லிவிடலாம்.

இதை அழகுக்காக மட்டும் செய்யவில்லை என்று நான் பிற்காலத்தில்தான் புரிந்துகொண்டேன். மத்திய அலையும் சிற்றலையும் ஒலியின் மேல்பகுதியை வெட்டிவிடும். மெல்லிய மெய்யெழுத்துகள் இரைச்சலில் முதலில் தொலைந்து போகும். பாதி வழியில் கரைந்து போகக்கூடிய சொல்லை நேயர் காது வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமென்றால், அது வாயிலிருந்து புறப்படும்போதே முழுதாகப் புறப்பட வேண்டும். கடலுக்கு அப்பால் கொரகொரப்பு நடுவே காதை ஒட்டி வைத்துக் கேட்கிறவனை மனதில் வைத்துப் பேசிப் பேசி வந்த தமிழ் அது.

வேகம் இன்னொரு விஷயம். அவர் அவசரப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் எல்லாம் வரும். எழுதியவர் பெயரை விடாமல் சொன்னது இலங்கை வானொலி எங்களுக்குச் செய்த பெரிய உபகாரம். பாட்டு என்றால் நடிகர் பாடுவது என்று நினைத்திருந்த சின்னப் பிள்ளைகள் நாங்கள். அதற்குப் பின்னால் ஒரு கவிஞர் இருக்கிறார் என்பதை ரேடியோதான் சொல்லிக்கொடுத்தது.

அவர் பேசியது யாழ்ப்பாணத் தமிழா?

இல்லை. அவர் கொழும்புக்காரர், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். வானொலியில் பேசியது எந்த ஊர்த் தமிழும் இல்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், மன்னார், அப்புறம் தமிழ்நாடு, இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரிய வேண்டும். அதனால் எழுத்துத் தமிழைப் பேச்சின் ஓட்டத்தில் சொல்கிற ஒரு நடையை அங்கே வளர்த்தெடுத்தார்கள். 'ஒலிபரப்பு', 'ஒலிவாங்கி', 'நேயர்', 'அறிவிப்பாளர்' என்ற சொற்களெல்லாம் அங்கே அன்றாடப் புழக்கம். எங்கள் தெருவில் 'மைக்' தவிர வேறு சொல் தெரியாத காலத்தில் 'ஒலிவாங்கி' என்று கேட்டபோது ஏதோ புதுப் பண்டம் என்று நினைத்தேன்.

அவர் ஒருவர்தானா? மற்றவர்கள்?

அவருக்கு முன்னாலும் கூடவும் பெரிய வரிசையே உண்டு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் எஸ்.பி. மயில்வாகனன். என் அப்பா தலைமுறைக்கு வானொலி என்றாலே அவர்தான். அப்புறம் கே.எஸ். ராஜா. படபடவென்று கொட்டுகிற பேச்சு, ஒரு சொல்கூட உடையாது. 'திரைவிருந்து' நிகழ்ச்சியில் அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு அதே வேகத்தில் பேசிப் பார்க்காத பையன் எங்கள் பள்ளியில் கிடையாது. ராஜேஸ்வரி சண்முகம் அம்மையாரின் குரலில் ஒரு தாய்மை இருக்கும். 2012-ல் அவர் மறைந்தபோது என் அக்கா தொலைபேசியில் அழுதாள். நேரில் பார்த்திராத ஒருவருக்காக அழுகிறோமே என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

காலையில் 'பொங்கும் பூம்புனல்' தொடங்கினால் அடுப்பில் உலை வைத்தாகிவிட்டது என்று அர்த்தம். 'இசையும் கதையும்' வந்தால் பெண்கள் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டுத் திண்ணைக்கு வருவார்கள். பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சிகளில் அம்மம்மா, அப்பப்பா, சித்தப்பா, மாமி என்று உறவுகளை வரிசையாகப் படிப்பார்கள். முன்பின் தெரியாத குடும்பங்களின் உறவுமுறையெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

அவர் நாடகத்திலும் நடித்தாரா?

நடித்தார். 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற வானொலி நகைச்சுவைத் தொடர் அந்தக் காலத்தில் பிரபலம். மரைக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன், ஐயராக அப்துல் ஹமீத். நாலு பேரும் நாலு விதமான தமிழ் பேசுவார்கள். முஸ்லிமான ஹமீத் ஐயராகவும், ராமதாஸ் மரைக்காராகவும் வந்ததை யாரும் கேள்வி கேட்கவில்லை, ரசித்தார்கள். அந்தப் பாத்திரங்களை வைத்தே 1976-ல் இலங்கையில் 'கோமாளிகள்' என்று படமும் வந்தது. அறிவிப்பில் அவ்வளவு சுத்தமாகப் பேசியவருக்கு வட்டார வழக்கும் நாக்கில் இருந்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இரண்டும் தெரிந்தவரால்தான் இரண்டையும் கலக்காமல் பேச முடியும்.

பாட்டுக்குப் பாட்டு என்றால் என்ன? விதிகள் என்ன?

பார்க்க எளிமையான விளையாட்டு. ஒருவர் ஒரு பாட்டைப் பாடுவார். நடத்துனர் நிறுத்தச் சொல்லி ஒரு எழுத்தைக் கொடுப்பார். எதிரில் இருப்பவர் சில நொடிகளுக்குள் அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். சரணத்தை நடுவில் பிடித்து இழுக்கக் கூடாது, பாட்டின் தொடக்கமே அந்த எழுத்தில் இருக்க வேண்டும். பாடியதையே திரும்பப் பாடக் கூடாது. வரிகள் சரியாக இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியில்தான் ஹமீத் தெரிவார். மெட்டு சரியாக இருந்து சொல் தவறினால் அவர் கவனிக்காமல் விட மாட்டார். சரியான சொல்லைத் தானே எடுத்துக் கொடுப்பார். ஆயிரக்கணக்கான பாட்டுகளை எழுதியவர் பெயரோடு வருஷக் கணக்காக அறிவித்தவருக்கு வரிகள் நாக்கு நுனியில் இருந்ததில் ஆச்சரியமில்லை.

அது அந்தாக்ஷரிதானே? என்ன வித்தியாசம்?

குடும்பம் ஒன்று. ஆனால் தமிழில் ஆடும்போது ஆட்டமே மாறிவிடுகிறது.

தமிழில் இதற்கு மூதாதை அந்தாதி. ஒரு செய்யுளின் முடிவு அடுத்த செய்யுளின் தொடக்கமாக வரும். அந்தம், ஆதி இரண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர். காரைக்கால் அம்மையார் காலத்திலிருந்து இருக்கிற வடிவம். சினிமாவிலும் உண்டு: 1976-ல் வந்த 'மூன்று முடிச்சு' படத்தில் கண்ணதாசன் ஒரு பாட்டையே அந்தாதியாக எழுதினார்.

சரி, பாட்டின் கடைசி எழுத்தை அப்படியே எடுத்துக்கொண்டு தமிழில் ஆடிப் பாருங்கள். நாலாவது பாட்டிலேயே முட்டிக்கொள்ளும். தமிழில் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வராது. நன்னூல் கணக்குப்படி மொழிக்கு முதலில் வருவது இருபத்திரண்டுதான்: உயிரெழுத்து பன்னிரண்டும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்ற பத்தின் வரிசைகளும். ஆனால் பாட்டுகள் முடிவதோ 'லே' என்றும் 'னே' என்றும் 'ளா' என்றும் 'டி' என்றும். இந்தியில் இந்தத் தொல்லை குறைவு.

அதனால் தமிழில் நடத்துபவருக்கு வேலை அதிகம். எங்கே நிறுத்துவது, எந்த எழுத்தைக் கொடுப்பது என்று அந்தக் கணமே முடிவு செய்ய வேண்டும். 'வா', 'நீ', 'கா' கொடுத்தால் பாட்டு மழையாகக் கொட்டும். 'ஞா' கொடுத்தால் வாய் திறந்தபடி நிற்க வேண்டியதுதான். 'ரா', 'லா' வரிசையில் இலக்கணப்படி இடமில்லாவிட்டாலும் ராஜாவும் ராணியும் சினிமாவில் நிறைய உலவுவதால் 'ரா' பிழைத்துக்கொள்ளும். எழுத்தின் கடினத்தை எடை போட்டு இரண்டு பக்கமும் சமமாகக் கொடுக்க வேண்டும். பார்க்கிறவனுக்கு இந்தக் கணக்கு கண்ணில் படாது. படாமல் நடத்தியதுதான் அவர் திறமை என்பேன்.

போட்டியாளர்கள் எப்படித் தயாரானார்கள்?

மற்றவர்களைப் பற்றித் தெரியாது, என் அக்காவைப் பற்றித் தெரியும். அவள் எந்தப் போட்டிக்கும் போனதில்லை. ஆனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தாள். பக்கத்துக்கு ஒரு எழுத்து. மேலே சிவப்பு மையில் எழுத்து, கீழே பாட்டின் முதல் வரி. 'க' பக்கம் நிரம்பி ஓரத்தில் ஏறி, அட்டைக்குத் தாவியிருந்தது. 'கௌ' பக்கம் வெறுமையாகவே இருந்தது. ரொம்ப நாள் கழித்து அதில் ஒரு வரி ஏறியபோது பென்சிலில்தான் எழுதியிருந்தாள். அது பாட்டின் தொடக்கமா சரணமா என்று அவளுக்குச் சந்தேகம்.

அப்போது பாட்டு வரியைச் சரிபார்க்க வழி என்ன? தியேட்டர் வாசலிலும் திருவிழாக் கடையிலும் விற்ற பாட்டுப் புத்தகம். சாணித் தாளில் அச்சுப் பிழையோடு வரும். அதை நம்ப முடியாது. மறுபடி ரேடியோவில் அந்தப் பாட்டு வரும் வரை காத்திருந்து, வரும்போது காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அது அடுத்த வாரமும் வரலாம், ஆறு மாதமும் ஆகலாம்.

தொலைக்காட்சிக்கு எப்போது வந்தது?

சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. தொண்ணூறுகளில் அதில் வந்த பாட்டுக்குப் பாட்டுதான் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நினைவில் நிற்பது. விளம்பரம் கொடுத்த நகைக்கடையின் பெயரோடு 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு' என்றே சொல்வார்கள். பிறகு வேறு தொலைக்காட்சிகளிலும், தமிழர்கள் வாழும் வெளிநாடுகளின் மேடைகளிலும் அவர் அதை நடத்தினார்.

வானொலியில் கேட்டதும் தொலைக்காட்சியில் பார்த்ததும் ஒன்றா?

ஒன்றில்லை. எனக்கு வானொலியில் கேட்டதுதான் பெரிது.

காரணம் சொல்கிறேன். எழுத்து கொடுத்த பிறகு வரும் அந்தச் சில நொடிகளை நினைத்துப் பாருங்கள். தொலைக்காட்சியில் போட்டியாளரின் முகம் தெரியும். கண்ணை மேலே உருட்டுவார், உதட்டைக் கடிப்பார், கூட்டத்தில் அவர் அம்மா தவிப்பது தெரியும். நாம் அவரை வேடிக்கை பார்ப்போம். வானொலியில் அது எதுவும் இல்லை. வெறும் மௌனம். அந்த மௌனத்துக்குள் நீங்களும் நானும் விழுந்துவிடுவோம். அவருக்குப் பதில் நாம் தேடத் தொடங்குவோம். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற ஏழெட்டுப் பேரும் கண்ணாடி டம்ளரைக் கையில் பிடித்தபடி ஒரே எழுத்தைத் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே உரக்கப் பாடிவிட்டார். அன்று டீ குடித்தவர்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

ஆனால் தொலைக்காட்சியிலும் அவர் வானொலிக்காரராகவே இருந்தார் என்பது என் அபிப்பிராயம். குதிக்கவில்லை, கத்தவில்லை. போட்டியாளர் பாடும்போது தன் முகத்தைக் காட்ட முயலவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் பாடும்போது நடத்துனர் உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருப்பது திரையில் தெரியும். தோற்றுப் போனவரைச் சிரிப்புக்கு ஆளாக்கியதாக எனக்கு ஒரு வாரம்கூட நினைவில்லை. பெரிய மனுஷத்தனமாக வழியனுப்பி வைப்பார்.

பரிசு என்ன கொடுத்தார்கள்?

அதை மனதில் வைத்துக்கொண்டு யாரும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட எந்த எழுத்துக்கு எந்தப் பாட்டு வந்தது என்பதுதான் மறுநாள் பேச்சு.

தமிழ்நாட்டு நேயர்கள் அவர்களோடு தொடர்பு வைத்திருந்தார்களா?

கடிதம்தான். வெளிநாட்டுத் தபால்தலை ஒட்ட வேண்டும், சேர வாரங்கள் ஆகும். பெயரும் ஊரும் ஒலிபரப்பில் வருமா என்று காத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒருவருடைய பெயர் ஒரு தடவை வந்தது. அவர் தையல்காரர். அன்றிலிருந்து கடைசி வரை அவரை ஊரே 'சிலோன்' என்றுதான் கூப்பிட்டது. அவருக்கு அதில் பெருமை.

1983-க்குப் பிறகு என்ன ஆனது?

அந்த வருஷம் ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரம் எல்லாவற்றையும் மாற்றியது. தமிழ்க் குடும்பங்கள் தீவை விட்டுச் சிதறின. அறிவிப்பாளர்கள் பலரும் புலம்பெயர்ந்தார்கள். கே.எஸ். ராஜா பிறகு வந்த போர்க் காலத்தில் கொல்லப்பட்டார். எங்களைச் சிரிக்க வைத்த குரலுக்கு அப்படி ஒரு முடிவு வந்ததை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

கரையின் இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு அந்தக் கடல் அதுவரை ஒரு தடையாகத் தோன்றியதே இல்லை, பாட்டு வரும் வழியாகத்தான் தெரிந்தது. அதன் பிறகு அந்த வழியாகவே படகுகளில் மனிதர்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் பள்ளியில் சேர்ந்த ஒரு பையனிடம் நான் முதலில் கேட்டது, "நீ அப்துல் ஹமீதைப் பார்த்திருக்கியா?" என்றுதான். வேறு எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் பார்த்ததில்லை என்றான். ஆனால் அவரைப் போலவே சொல்லிக் காட்டினான். அன்றைக்கு எங்கள் வகுப்பில் அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது.

புலம்பெயர்ந்தவர்கள் லண்டன், பாரிஸ், டொராண்டோ என்று போன இடங்களிலெல்லாம் தமிழ் வானொலி தொடங்கினார்கள். அந்த ஒலிபரப்புகளைக் கேட்டால் கொழும்பில் வளர்ந்த அதே நடை, அதே நிதானம்.

வீட்டில் பாட்டுக்குப் பாட்டு விளையாடுவது எப்படி?

ஒருவரை நடத்துனராக வையுங்கள், அவர் பாடக் கூடாது. கடைசி எழுத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள், பாட்டில் வரும் ஒரு சொல்லின் முதல் எழுத்தைக் கொடுங்கள், ஆட்டம் ஓடும். குறில் கொடுத்தால் நெடிலையும் ஏற்றுக்கொள்ளலாம், சின்னப் பிள்ளைகள் சோர்ந்து போகாமல் இருப்பார்கள். போனை வேறு அறையில் வையுங்கள். வரி தவறினால் நிறுத்திச் சரி செய்யுங்கள், சிரிக்காமல். மூன்று தலைமுறை சேர்ந்து உட்கார்ந்தால் பாட்டிமார்தான் ஜெயிப்பார்கள். எங்கள் வீட்டில் இதுவரை வேறு யாரும் ஜெயித்ததில்லை.

அறிவிப்பாளராக விரும்பும் இளையவர்கள் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

குரலைப் பின்பற்ற வேண்டாம், வராது. அவர் பழைய ஒலிபரப்பு ஒன்றை எடுத்து, ஒரே ஒரு அறிவிப்பை எழுத்து எழுத்தாக எழுதிப் பாருங்கள். எங்கே மூச்சு விடுகிறார் என்று கோடு போடுங்கள். சொல்லின் நடுவில் ஒரு கோடும் விழாது. பெயர்களைச் சொல்லும்போது வேகம் குறைவதைக் கவனியுங்கள். ஒரு மனிதரின் பெயர் காதில் விழாமல் போய்விடக் கூடாது என்ற அக்கறை அது. பிறகு அதே அறிவிப்பை உங்கள் குரலில், உங்கள் வேகத்தில் பதிவு செய்து கேளுங்கள். ஒரு வாரம் செய்தால் எங்கே சொல்லை விழுங்குகிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்களுக்கு மறக்க முடியாத ஒரு பாட்டுக்குப் பாட்டு எது?

தொண்ணூறுகளின் கடைசி. வீட்டில் டிவி வந்துவிட்டது. அம்மா தரையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் எங்கள் முன்னால் பாடியதே கிடையாது. ரேடியோ காலத்திலும் கேட்பாள், அவ்வளவுதான். அன்று திரையில் ஒரு பெண் பாடி முடிக்க, ஹமீத் எழுத்தைச் சொன்னார்: 'மௌ'. எதிரில் நின்ற பையன் விழித்தான். அக்காவின் நோட்டில் அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று நானும் மண்டையைக் குடைகிறேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

வழக்கமாகக் கரண்ட் போனால் மெழுகுவர்த்தி எங்கே, தீப்பெட்டி எங்கே என்று சத்தம் போடுவோம். அன்று யாரும் அசையவில்லை. எழுத்து இருட்டில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. முறத்தில் அரிசி விழும் சத்தம் நின்றது. அப்புறம் அம்மா பாடினாள். மெதுவாக, முதலில் சொல் மாதிரியே தொடங்கி, பிறகு மெட்டில் ஏறி, பல்லவி முடிந்து, நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் சரணத்துக்கும் போனாள். ஒரு சொல் பிசகவில்லை. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து வாசற்படியில் நின்றது இருட்டிலும் தெரிந்தது.

கரண்ட் வந்தபோது திரையில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் பாடினானா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா முறத்தைக் கையில் எடுத்துவிட்டாள். அக்கா உள்ளே போய் நோட்டைத் தேடி எடுத்து வந்து, 'மௌ' பக்கத்தில் அந்த முதல் வரியைப் பேனாவால் எழுதினாள்.